‘வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள்’ என்று நான் சொன்ன நாள்

வடசென்னையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் பெற்றோரிடம் எத்தனையோ சொல்லியிருப்பேன். அதில் ஒன்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். மூன்றாம் வகுப்பில் சேர வந்த ஒரு பையனின் அப்பாவிடம் சொன்னது அது.

பீகாரில் சாப்ரா பக்கம் அவர்கள் ஊர். கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் சென்ட்ரலில் வந்து இறங்கியவர்கள். அப்பாவுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் ‘ஹிந்தி’ என்று எழுதச் சொன்னார், எழுதினேன். பையன் முதல் இரண்டு மாதம் வகுப்பில் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பதற்றம். ஒருநாள் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, “இனிமே வீட்லயும் அவன்கிட்ட தமிழ்லயே பேசுங்க. அப்பதான் சீக்கிரம் வரும்” என்றேன். அவர் கையைக் கூப்பி, “சரி மேடம், சரி மேடம்” என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் அதை அப்படியே கடைப்பிடித்தார் என்பதுதான் பிரச்சினை.

தீபாவளி சமயத்தில் பையன் இன்னும் சுருங்கிப்போயிருந்தான். முன்பு பீகார்க்காரப் பிள்ளைகள் இரண்டு பேரோடு மதிய இடைவேளையில் கத்திக் கத்திப் பேசுவான். இப்போது அதுவும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அப்பா வேலையிலிருந்து வந்து கையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், நான் சொன்னபடி செய்வதைக் காட்ட வேண்டுமே என்று மகனிடம் தமிழில் பேசினார். “வா. உக்காரு. தண்ணி குடு. புக் எடு. சீக்கிரம்.”

அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் வேலையிடத்தில் மேஸ்திரியிடமிருந்து அவர் காதில் விழுந்த தமிழ். தூக்கு, வை, எடு, போ, இன்னும் கொஞ்சம், நாளைக்குக் காசு. பிள்ளையைக் கொஞ்ச, கதை சொல்ல, ‘இன்னைக்கு என்னடா நடந்துச்சு’ என்று கேட்க அவர் தமிழில் ஒரு சொல்லும் இல்லை. மூன்று மாதமாக அந்தத் தமிழில்தான் மகனோடு பேசியிருக்கிறார். அம்மாவுக்கு அந்த அளவும் தெரியாது. அவர் அடுப்புப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் இருந்த அரைமணி நேரமும் மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் இருக்கும்போது தன் பாஷையைப் பேசினால் தப்பாகிவிடும் என்று பயந்திருக்கிறார்.

திரும்பி நடந்து வரும்போது எனக்கு என் நைனா ஞாபகம்தான்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்தவர்கள். வீட்டில் தெலுங்கு. எழுதப் படிக்கத் தெரியாத, பேச மட்டும் தெரிந்த தெலுங்கு. அப்பா எங்களுக்கு நைனா, பெரியம்மா எங்களுக்குப் பெத்தம்மா. நைனாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபோது எனக்கு 7 வயது. பள்ளியில் ஒருநாள் தாகமாக இருந்தபோது வாய்தவறி டீச்சரிடம் “நீள்ளு” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க எனக்கு நீலு என்றுதான் பேர். அழுதுகொண்டு வந்து நைனாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து பிள்ளைகளிடம் தமிழ்தான் என்று முடிவுசெய்தார்.

நைனா தெலுங்கில் பெரிய பேச்சுக்காரர். ஊரில் அவர் கதை சொல்ல உட்கார்ந்தால் திண்ணை நிறைந்துவிடும். தமிழில் அவர் எங்களிடம் பேசியது சாப்பிட்டியா, படிச்சியா, படு, இவ்வளவுதான். அவர் இயல்பே அப்படி, அதிகம் பேசாத மனிதர் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இறந்தபோது ஊரிலிருந்து வந்தவர்கள் அவர் சொன்ன கதைகளை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

அதே காரியத்தை இன்னொரு வீட்டில் நானே செய்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரமே அந்த அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஹிந்தியும் அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும். “நான் சொன்னது தப்பு. நீங்க உங்க பாஷையில பேசுங்க. ராத்திரி ஒரு கதை சொல்லுங்க. தமிழ் சொல்லித்தர்றது என் வேலை, அதை நான் பாத்துக்கறேன்” என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார், வீட்டில் பேசுவது ஹிந்தியே இல்லை, போஜ்புரி என்று. படிவத்தில் ஹிந்தி என்று சொல்லாவிட்டால் யாருக்கும் புரியாது என்பதால் அப்படிச் சொன்னாராம்.

பையனிடம் ஒரு ஏற்பாடு. ராத்திரி அப்பாவோ அம்மாவோ போஜ்புரியில் சொல்லும் கதையைக் காலையில் வகுப்பில் 5 நிமிஷம் தமிழில் சொல்ல வேண்டும். வராத சொல்லை வகுப்பு எடுத்துக் கொடுக்கும். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு குருவிக் கதை கொண்டுவந்தான். அவர்கள் பக்கம் பாட்டிகள் எல்லாரும் சொல்லும் பழைய கதையாம். ஒரு குருவியின் பருப்பு, மாடு கட்டும் மரமுளையின் வெடிப்பில் மாட்டிக்கொள்கிறது. முளையைப் பிளந்து தா என்று குருவி தச்சரிடம் போகிறது, அவர் மாட்டேன் என்கிறார். தச்சரைத் தண்டிக்கச் சொல்லி ராஜாவிடம் போகிறது, அவரும் மாட்டேன் என்கிறார். ராணி, பாம்பு, தடி, நெருப்பு என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ‘எதை எடுத்துக்கொண்டு பரதேசம் போவேன்?’ என்று எல்லாரிடமும் கேட்கிறது. கொண்டுபோக அந்த ஒரு பருப்புதான் அதற்கு இருக்கிறது.

பையன் சொல்லத் தொடங்கினான். “ஒரு சிரை…” நின்றான். கையை இரண்டு பக்கமும் அடித்துக் காட்டினான். “காக்காவா?” என்றது ஒரு குரல். இல்லையென்று தலையாட்டி, விரல்களைச் சேர்த்துச் சின்னதாகக் காட்டினான். “குருவி!” “ஆ, குருவி. குருவி பருப்பு கட்டைல போச்சு.” முளை என்ற சொல்லை ஒரு பெண் கொடுத்தாள். அவள் வீட்டில் ஆடு உண்டு. தச்சருக்கு அவன் ‘கார்பெண்டர்’ என்றான். “ஆசாரிடா” என்றான் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன். ராஜா, ராணி இரண்டுக்கும் உதவி தேவைப்படவில்லை. ஐந்து நிமிஷக் கதைக்கு அன்று இருபது நிமிஷம் ஆனது. ஒவ்வொருவரிடமும் போய்க் குருவி அதே கேள்வியைக் கேட்கும் இடத்தில், நான்காவது தடவையிலிருந்து மொத்த வகுப்பும் அவனோடு சேர்ந்து சொல்லிற்று. அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததில் ஒரு முழுத் தமிழ் வாக்கியம் அவன் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. நான் இரண்டு மாதம் பலகையில் எழுதிப்போட்டும் நடக்காதது.

அன்றிலிருந்து ஆசிரியர்களிடம் நான் சொல்வது இதுதான். பெற்றோரிடம் வீட்டு மொழியை மாற்றச் சொல்லாதீர்கள். எந்த மொழியில் அவர்களுக்குப் பேச்சு தங்குதடையில்லாமல் வருமோ அந்த மொழியில் பிள்ளையிடம் நிறையப் பேசச் சொல்லுங்கள். ஒரு கதையைத் தொடங்கி நடத்தி முடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைத் தமிழில் சொல்லத் தேவைப்படுவது சொற்கள் மட்டும்தான். எந்த மொழியிலும் கதை கேட்காத பிள்ளைக்குச் சொல்லோடு சேர்த்துக் கதையையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தப்பையும் செய்திருக்கிறேன். அதற்கு முந்தைய வருஷம் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், பாவம் என்று பார்த்து, தமிழே கேட்காமல் விட்டுவிட்டேன். படம் வரைந்தால் போதும், கணக்குப் போட்டால் போதும். எல்லாரும் வாசிக்கும்போது அவள் முறையை மட்டும் தாண்டிப்போவேன். வருஷக் கடைசியில் அவளுக்கு 12 உயிரெழுத்துகூட முழுசாகத் தெரியவில்லை. இந்த ஊரில் இருக்கப்போகும் பிள்ளைக்கு பஸ் போர்டு வாசிக்க, ஆஸ்பத்திரி சீட்டு புரிய, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சண்டை போடக்கூடத் தமிழ் வேண்டும். அதைக் கொடுக்காமல் விடுவது இரக்கத்தில் சேராது. வீட்டு மொழியை மதிக்கிறேன் என்று தமிழில் கையைத் தளர்த்திவிடக் கூடாது. இரண்டிலும் பிடி வேண்டும்.

இன்னொன்றும் ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதுப் பிள்ளை ஒரு வருஷத்தில் கிரவுண்டில் தமிழில் பொளந்துகட்டுவான். அதைப் பார்த்து, பேசத் தெரியுதே, படிக்க மட்டும் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். கனடாவில் வேலை பார்த்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். விளையாட்டுப் பேச்சு சுமார் 2 வருஷத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழியில் மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருஷம் ஆகும் என்பது அவர் கணக்கு. நம்மிடம் இன்னொரு படியும் இருக்கிறது. ‘இஸ்துகினு வந்தான்’ என்று பேசும் எங்கள் தெருப் பிள்ளைக்கே ‘இழுத்துக்கொண்டு வந்தான்’ என்பது புத்தகத்தில் கற்க வேண்டிய மொழி. அதனால் இப்போது அறிவியல், சமூக அறிவியல் பாடத்துக்குள் போகும்முன் அந்தப் பாடத்தின் ஏழெட்டுச் சொற்களை முதல்நாளே எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதனால் லாபம்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு சீனியர் ஆசிரியர் ஒருநாள் கேட்டார். “என்ன டீச்சர், நாம காலங்காலமா ஹிந்தி வேணாம்னு நிக்கறோம். நீங்க கிளாஸ்ல அதை வளக்கறீங்களே?” கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். அவர் மொழிப்போர் வரலாறு தெரிந்தவர். எங்கள் பள்ளியிலிருந்து மூலக்கொத்தளம் தூரமில்லை. 1938இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியபோது சிறைக்குப் போய், 1939இல் உயிரைவிட்ட தாளமுத்து, நடராசன் இருவரின் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. வருஷாவருஷம் ஜனவரி 25 அன்று அங்கே அவர் போவார். அவர் கேள்வியைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

நான் சொன்னது இது. “சார், அந்தப் பையன் வீட்ல ஹிந்தி இல்ல. போஜ்புரி.” 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹிந்தி பேசுவோர் சுமார் 52.8 கோடி என்று வருகிறது. அதற்குள் தங்கள் தாய்மொழி ஹிந்தி என்றே சொன்னவர்கள் 32.2 கோடிப் பேர்தான். மீதி, ஹிந்தி என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிட்ட மற்ற மொழிகள். போஜ்புரி மட்டும் 5 கோடிக்கு மேல். அத்தனை பேர் பேசியும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளில் அது இல்லை. ‘தேசிய மொழி’ என்று பொதுவில் பேசிக்கொள்கிறார்களே, அப்படி ஒன்றை அரசியலமைப்பு எந்த மொழிக்கும் கொடுக்கவில்லை. 343ஆவது பிரிவு ஹிந்தியை ஒன்றியத்தின் ஆட்சி மொழி என்று மட்டும்தான் சொல்கிறது. ஆனாலும் அந்த எண்ணத்தின் கனம் முதலில் விழுவது இந்த மாதிரி வீடுகள்மேல். சொந்த மொழியின் பேரைப் படிவத்தில் சொல்லக்கூட அந்தப் பையனின் அப்பா தயங்கினார். நம்மேல் சுமத்த வந்த பாரத்தை நாம் தள்ளிவிட்டோம். அவர்கள் வீட்டில் அது எப்போதோ இறங்கிவிட்டது.

சார் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “தமிழ்நாட்லயும் சின்ன பாஷைங்க இருக்கே” என்று அவரேதான் ஆரம்பித்தார். அதே கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 88 சதவீதம். மிச்சமுள்ள 12 சதவீதத்தில் தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளம், சௌராஷ்டிரம், இன்னும் பல. இவர்களில் பெரும்பாலோர் பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். சென்னைப் பேச்சிலேயே அந்தத் தடம் இருக்கிறது. நைனா தெலுங்கு, பேஜாரும் ஜல்தியும் உருது வழியாக வந்தவை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று 1956இல் சேர்த்த 350ஏ பிரிவு சொல்கிறது. டெல்லியிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் வீட்டுக்குள் சின்ன மொழிக்காரர் கேட்டால் காதுகொடுக்க வேண்டும். 2006ஆம் வருஷத்துச் சட்டத்தால் தமிழ் பள்ளிகளில் கட்டாயப் பாடமானதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அதன்பிறகு சிறுபான்மை மொழி மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போய் வாங்கியும் வந்தார்கள். அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, கட்டாயம் என்று சொன்னால் அதைச் சொல்லித்தர ஆளும் நேரமும் முதல் வகுப்பிலிருந்தே கொடுத்துவிட வேண்டும். தமிழைப் பிள்ளைகள் பயந்து ஓடும் பாடமாக ஆக்கிவிட்டால் தமிழுக்குத்தான் நஷ்டம்.

வகுப்பில் செய்து பார்த்ததில் நின்றவை, நிற்காதவை கொஞ்சம் சொல்கிறேன். ‘தண்ணீர்’ என்பதை ஆறு மொழியில் எழுதிய சார்ட் ஒட்டினோம். ஒரு வாரம் அழகாக இருந்தது, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஒரே மொழிக்காரப் பிள்ளைகள் இருவரை முதல் மூன்று மாதம் பக்கத்தில் உட்கார வைத்தது நல்ல பலன் தந்தது. முன்பே வந்தவன் புதியவனுக்கு விளக்குவான், அதில் அவனுக்கும் பாடம் பதியும். மூன்று மாதம் கழித்துப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே ஒரு தனித்தீவு உண்டாகிவிடும். சேர்க்கையின்போது தாய்மொழி என்னவென்று கேட்பதோடு நிறுத்தாமல், அம்மா பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறார், அண்ணன் தம்பி எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று கேட்கிறேன். உண்மை அந்தப் பதிலில்தான் வரும். அப்புறம், தமிழ் நன்றாக வந்த பிள்ளையைப் பெரியவர்களுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிடாதீர்கள். வீட்டுக்காரரிடம் வாடகைத் தகராறு பேச ஒரு பத்து வயசுப் பெண்ணை அழைத்துப்போனார்கள். அவள் அப்பாவுக்கு விழுந்த வசவையெல்லாம் அவளே அப்பாவிடம் தன் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

என் வீட்டில் தெலுங்கைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்த கதை தனி. கணவர் வீட்டில் தமிழ். மகளுக்கு அப்போது 11 வயது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெலுங்கு என்று திட்டம் போட்டேன். அன்றைக்கு யாரும் பேசாமலே பொழுது போனது. மூன்றாவது வாரம் விட்டுவிட்டேன். பிறகு அடுக்களைக்குள் மட்டும் தெலுங்கு என்று சுருக்கிக்கொண்டேன். பெருகு எடு, மஜ்ஜிக ஊற்று, பப்பு வெந்துச்சா பார் என்று பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகத் தொடங்கியது. சமைக்கும்போது கையும் கண்ணும் அர்த்தம் சொல்லிவிடுவதால் மகளுக்குக் கஷ்டம் தெரியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஊரிலிருக்கும் பெத்தம்மாவுக்கு அவளே போன் போடுவாள். பெத்தம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது, பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். மாட்டுத் தொழுவத்தைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கே தெரியாத சொற்கள் வரும். கன்றுக்குட்டி ‘தூட’ என்று மகள்தான் எனக்குச் சொன்னாள். ஹைதராபாத்தில் இருக்கும் தோழி ஒருத்தி எங்கள் தெலுங்கைக் கேட்டு, இது என்ன பாஷை என்றாள். மகளுக்கு முகம் வாடியது. புத்தகத் தெலுங்கு அவளுக்குத் தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம், இப்போது பெத்தம்மாவோடு பேசுவதற்கு இந்தத் தெலுங்குதான் வேண்டும் என்று சொன்னேன். பெத்தம்மா பேசுவதையெல்லாம் மகள் செல்போனில் பதிந்து வைக்கிறாள். நைனாவின் கதை ஒன்று அதில் இருக்கிறது. அதை இரண்டு தடவை கேட்டேன்.

அந்தப் பையன் நான்காம் வகுப்பு பாதியில் போய்விட்டான். அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் வேலை. டி.சி. வாங்க அப்பா, அம்மா, பையன் மூவரும் வந்தார்கள். அம்மா வாசலில் நின்று மகனிடம் போஜ்புரியில் ஏதோ விறுவிறுவென்று சொல்லிக்கொண்டிருந்தார், அவன் சிரித்தான். டி.சி.யில் எழுத இடமில்லாததை ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இப்போது ஊர் மாறிப் போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படி எழுதிக் கொடுக்கிறேன். அவனுக்கு எழுதியது இது:

“வீட்டில் போஜ்புரி பேசுவார்கள், ஹிந்தி இல்லை. தமிழ் நன்றாகப் பேசுவான். வாசிப்பு இரண்டாம் வகுப்பு அளவில் இருக்கிறது, ஒன்றாகச் சேர்ந்து வரும் நீண்ட சொற்களில் நிற்பான், பிரித்துக் காட்டினால் வாசித்துவிடுவான். கணக்கில் குறை இல்லை. புது இடத்தில் முதல் இரண்டு வாரம் பேசமாட்டான். குருவிக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.”